வாசலில் வைத்திருந்த விண்கல்

நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். மகளின் கையைக் காட்டுகிறேன்.

நான் லாரி ஓட்டுகிறவன். இருட்டெல்லாம் எனக்குப் பழகிப்போனது. பள்ளியில் விண்வெளிப் பாடம் தொடங்கியதிலிருந்து மகள் நச்சரித்துக்கொண்டே இருந்ததால், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். வாசலிலேயே ஒரு விண்கல். தொட்டுப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, யாரோ என் கையப் புடிச்சாங்க."

"கல்லுக்கு ஏதுடி கை? வாலு!" என்று சிரித்தேன்.

மூன்று மணிக்குக் கோளரங்கக் காட்சி. வெளிச்சம் வந்துவிடக் கூடாதென்று கதவைத் தாழிட்டார்கள். வளைந்த கூரை முழுக்க நட்சத்திரங்கள். மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் காலி இருக்கை. அது கிறீச்சிட்டது... யாரோ உட்கார்ந்த மாதிரி.

மேலே, கூரைக்குப் பின்னால்... டொக்... டொக்...

"அப்பா, மறுபடியும் புடிக்கிறாங்க..."

சொல்லி முடிப்பதற்குள் அவளை யாரோ இருக்கையிலிருந்து பிடுங்கினார்கள்.

நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அது இழுத்தது. நானும் இழுத்தேன். அவள் அலறினாள். இருட்டில் ஓங்கிக் குத்தினேன். சில்லென்று, ஈரமாக ஒரு முகம்... திருப்பி ஒரு அடி. என் பல் தெறித்தது. வாயெல்லாம் ரத்தம்.

"விடு! என் புள்ளைய விடு!"

விடவில்லை. எங்கள் இருவரையும் தரையோடு இழுத்தது.

டமார்!

விளக்குகள் எரிந்தன. கூரைக்குப் பின்னாலிருந்த ஒலிபெருக்கி, இரும்புச் சட்டத்தோடு விழுந்து மகளின் இருக்கையை நொறுக்கியிருந்தது.

எங்கள் பக்கத்தில் யாருமில்லை.

வாசலில் நின்ற காவல்காரம்மா மகளின் மணிக்கட்டைப் பார்த்தார். கருநீலமாகக் கன்றிப்போன தடம். மூன்றே விரல்கள். அவர் முகம் வெளிறிவிட்டது.

"அந்தக் கல்லு ஒரு வீட்டுக் கூரையப் பொத்துக்கிட்டு விழுந்ததுங்க. தூங்கிட்டிருந்த சின்னப் பொண்ணு அங்கேயே போயிடுச்சு. அம்மாக்காரி புள்ளையக் கட்டிப் புடிச்சவ, தன் உசுரு போயும் விடவே இல்ல. ரெண்டு விரல ஒடிச்சுத்தான் பிரிச்சாங்களாம்."

என் மகளைக் காப்பாற்றியவள் அவள்தான். கையெடுத்துக் கும்பிடத்தான் நினைக்கிறேன். முடியவில்லை, பயமாக இருக்கிறது.

அன்றைக்கு அந்தத் தடம் மணிக்கட்டில் இருந்தது. போன மாதம் முழங்கையில்.

இப்போது தோளில்...