நாற்பதாம் நாளுக்கு ஒத்திவைத்த படம்

புது பேபி சூட்டின் பிளாஸ்டிக் கவரைப் பிரித்தால் ஒரு வாசம் வரும்... கஞ்சி போட்ட துணியும் ஏசிக் கடைக் குளிரும் கலந்த மாதிரி. எண்பதுகளில் வளைகுடாவில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது தெரியும்.

அந்த வாசத்துக்கு மயங்கியவன் நான். அதனால் என்ன ஆனது என்று இன்றைக்குத்தான் எழுத மனம் வந்தது.

அப்போது சவூதியில், தம்மாமில் ஒரு குடோனில் வேலை. ஒரு ரூமில் எட்டுப் பேர். கீழக்கரையில் என் மனைவி சுலைகாவுக்கு ஏழு மாதம், தலைப்பிள்ளை. எனக்கு அடுத்த லீவு வர இன்னும் ஒன்றரை வருஷம் கிடந்தது.

பிள்ளையின் முகத்தை அதுவரைக்கும் போட்டோவில்தான் பார்க்க வேண்டும். அதனால் அந்த ஒரு போட்டோவுக்கு நான் போட்ட பிளான் இருக்கிறதே... என் கல்யாணத்துக்குக் கூட வீட்டில் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

முதலில் வெள்ளை சாட்டின் சூட் ஒன்று வாங்கினேன். குட்டிக் கோட்டு, கழுத்தில் கறுப்பு போ டை. "பொம்பளப் புள்ளயா இருந்தா என்ன காக்கா செய்வீங்க?" என்று ரூமில் சாகுல் கேட்டான். அவனும் எங்கள் தெருக்காரன்தான்; எங்கள் பக்கம் அண்ணன் என்றால் காக்கா. மூன்று மாதம் கழித்து லீவில் ஊருக்குப் போக இருந்தான். சூட்டை அவன் பெட்டியில் அன்றைக்கே வைத்துவிட்டேன்.

பிறகு சுலைகாவுக்குக் கடிதம். இரண்டு பக்கம், போட்டோவைப் பற்றி மட்டும்.

"அவசரப்பட்டு படம் எடுத்துறாத. பழைய சேலத் துணியில சுத்தி எடுத்து அனுப்புனா இங்கன எல்லாரும் பாப்பாங்க, எனக்கு மானம் போயிரும். சாகுல் சூட்டு கொண்டு வாரான். நாப்பது கழிஞ்ச அன்னைக்கு ஸ்டுடியோக்காரர வீட்டுக்குக் கூப்புட்டு அதப் போட்டு எடு. கலர்ல எடு."

மூன்று போஸ் எழுதியிருந்தேன். குப்புறப் படுத்து ஒன்று, தலையணையில் சாய்த்து ஒன்று, அவள் மடியில் ஒன்று. சுலைகா அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள், அதனால் மடியும் கையும் மட்டும் தெரிந்தால் போதும் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு வரைந்தும் காட்டினேன். எட்டு காப்பி போடச் சொன்னேன். ரூமில் ஆளுக்கு ஒன்று கொடுக்கிற ஐடியா! இன்றைக்கு நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பையன் பிறந்தான். ஏழாம் நாள் நஸீர் என்று பெயர் வைத்தார்கள். நான் ஒரு ஃபிரேம் வாங்கிக் கட்டிலுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன்.

"உள்ள யாரயும் காணோமே காக்கா?" என்றான் சாகுல்.

"இருலே, வருவான்."

தந்திதான் வந்தது.

முப்பத்து மூன்றாம் நாள். காய்ச்சல், அப்புறம் ஜன்னி. வாடகைக் காரில் ராமநாதபுரத்துக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். திருப்புல்லாணி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, அன்று அஸர் தொழுகைக்கு முன்னாலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இந்த விவரமெல்லாம் பின்னால்தான் தெரியும். தந்தியில் இருந்தது நாலே வார்த்தை.

சாகுலுக்கு மறுவாரம் ஃப்ளைட். பெட்டி கட்டும்போது அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இத என்ன காக்கா செய்ய?" கொண்டுபோய் யாராவது பிள்ளைக்குக் கொடு என்று சொல்லியிருக்கலாம். அது கூடத் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய அடி தந்தி வந்த ஆறாவது நாள் விழுந்தது. சுலைகாவின் கடிதம்... அவன் உயிரோடு இருந்தபோது எழுதிப் போட்டது.

"மச்சான், புள்ள இப்ப ஆளு பாத்துச் சிரிக்கிறான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் வந்திருந்தாரு. இவனயும் ஒண்ணு எடுத்துருவமேன்னு உம்மா சொன்னாங்க. அவரும் வாசல் வரைக்கும் வந்துட்டாரு. நாந்தான் மச்சான் வேணாம்னு சொல்லிருக்காங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்குத் தெரியாது. வாசல் வரைக்கும் வந்திருக்கிறார். வெறும் துணியில் சுற்றி ஒரே ஒரு கிளிக்... என் பகட்டுக்கு என் மகனுடைய முகத்தையே கொடுத்துவிட்டேன். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

லீவு கிடைத்து ஊருக்கு வந்தபோது சுலைகா என்னிடம் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. நானும் கேட்கவில்லை. அப்புறம் ரிஸ்வானா பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமும் முடிந்தது.

போன வாரம் ரிஸ்வானாவின் மகளுக்குப் போட்டோ எடுத்தோம். பிறந்து பன்னிரண்டு நாள். டிஜிட்டல் கேமரா, கூடை, துணிப்பூ, குட்டித் தொப்பி என்று ஒரு தம்பி வந்து இறங்கினார். எடுத்த உடனே துபாயில் இருக்கிற மருமகன் பார்த்துவிடுவார், எல்லாம் இன்டர்நெட்டில் போய்விடும். எங்கள் காலத்தில் ஒரு கடிதம் போய்ச் சேரவே பத்து நாள்... சும்மா சொல்லக்கூடாது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

ஆனால் குழந்தை முகமெல்லாம் சிவந்து பொரிபொரியாக இருந்தது. ரிஸ்வானாவுக்கு மனசு ஆகவில்லை. "மூஞ்சி தெளியட்டும் தம்பி. நாலு நாள் கழிச்சு வாங்களேன்" என்றாள். அவரும் பையை மூடப் போனார்.

உள்ளறையிலிருந்து சுலைகா வந்தாள். கேமராவோடு நின்ற அந்நிய ஆள் முன்னால் என் மனைவி வந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இப்பவே எடுங்க தம்பி. இந்த மூஞ்சிதான் வேணும்."

எடுத்தார். நாற்பது, ஐம்பது படம் இருக்கும்.

அவர் போன பிறகு, பேத்தியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாகக் கேட்காமல் விட்டதை அன்று கேட்டேவிட்டேன்.

"நஸீர் எப்படி இருந்தான் சுலைகா?"

அவள் பேத்தியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கும் மறந்துருச்சு மச்சான்."