கால் துடைக்க ஆளில்லாத கதவு

என் கணவருக்கு வந்திருப்பது கணையப் புற்றுநோய்தான் என்று உறுதியான பிறகு அவர் முதலில் வாங்க நினைத்தது ஒரு நாய்க் கதவு. மற்றவர்கள் உயில் எழுதுவார்கள், கோயில் கோயிலாக ஏறி இறங்குவார்கள், ஒருமுறை ஊரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று டிக்கெட் போடுவார்கள். இவர் மடிக்கணினியைத் தொடையில் வைத்துக்கொண்டு நாய்க் கதவு பார்த்தார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

2011ஆம் ஆண்டின் குளிர்காலம் அது. மெல்பேர்னின் தென்கிழக்கில், கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் காரில் சீக்கிரம் போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வறட்சி, தண்ணீர்க் கட்டுப்பாடு என்று பல வருஷம் காய்ந்து கிடந்த ஊரில் அப்போது மழை விடாமல் பெய்தது. எங்கள் பின்வளவு முழுக்கக் களிமண். மழை பெய்தால் காலில் போட்ட சப்பாத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

நாய் அவருடையது. அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில், கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் இடத்துக்குச் சும்மா பார்க்கத்தான் போனாராம். மண்ணிறத்தில், ஒரு காது மடிந்த ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வீட்டு ஏஜென்ட் ஒரே நாளில் சம்மதித்துவிட்டார். நான்தான் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிள்ளை இல்லாத வீட்டில் நாயாவது இருக்கட்டும் என்று யாராவது அனுதாபப்பட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். பிள்ளை வேறு, நாய் வேறு. அது நல்ல நாய், அவ்வளவுதான்.

நான் இறங்கி வந்தது ஒரு நிபந்தனையோடு. எங்கள் வீட்டுக்குள் மனிதரே செருப்போடு வருவதில்லை. ஹோலில் சாமிப் படங்கள் வைத்த தட்டு இருந்தது. தரையில் ஏஜென்ட் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போகும் வெளிர் நிறக் கார்ப்பெட். ஆகவே நாய் உள்ளே வருவதென்றால் நாலு காலும் துடைத்த பிறகுதான் வரவேண்டும் என்றேன். அவர் ஒரு பழைய துவாயும் ஒரு குட்டை முக்காலியும் எடுத்துப் பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவடியில் போட்டார். இழுத்துத் திறக்கிற கதவு அது. கதவைத் திறப்பார், முக்காலியில் இருப்பார், நாய் முன்னங்காலைத் தூக்கி நீட்டும். ஒன்று முடிந்ததும் அடுத்தது. பின்னங்கால்களுக்குத் தானே திரும்பி நிற்கும். எவ்வளவு பசியென்றாலும், உள்ளே மீன் பொரியும் வாசம் மூக்கைத் துளைத்தாலும், துடைக்காமல் ஒரு கால் உள்ளே வைக்காது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் அதைக் காட்டிப் பெருமைப்பட்டேன். உங்கள் நாய்க்கு ஆசாரம் அதிகம் என்று சிரிப்பார்கள்.

நோய், வருத்தம் என்று வந்த பிறகும் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் உறைய வைத்த மரக்கறி பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். விடியமுன் போனால் பின்னேரம்தான் வருவேன். பகல் முழுக்க வீட்டில் அவரும் நாயும். ஒருநாள் மழைக்குள் வந்து கதவைத் திறந்தால், அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கதிரையில் இருக்கிறார், நாய் அந்தப் பக்கம் நனைந்துபோய் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது. அவரால் எழும்ப முடியவில்லை. எவ்வளவு நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்களோ, அவர் சொல்லவில்லை. அன்றுதான் அந்த மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னார்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். உடுப்புத் தோய்க்கும் லோன்றி அறையின் பின்கதவில் ஓட்டை வெட்டலாமா என்று ஏஜென்டைக் கேட்டேன். பலகையை வெட்டக்கூடாது, போகும்போது கழற்றிக்கொண்டு போகக்கூடியது எதுவானாலும் சரி என்றார். கழற்றக்கூடியதில் இரண்டுதான் எங்களுக்குச் சரிவரும் போலிருந்தது. ஒன்று, லோன்றியின் வலைக்கதவில் கொளுவுகிற சின்னப் பிளாஸ்டிக் சட்டம். ஆனால் அதை வைத்தால் பலகைக் கதவை நாள் முழுக்கத் திறந்தே விடவேண்டும். குளிரும் வரும், கள்ளனும் வருவான். மற்றது, கண்ணாடிக் கதவு ஓடுகிற தண்டவாளத்திலேயே நிமிர்த்தி வைக்கிற நெடிய அலுமினியச் சட்டம். மேலே கண்ணாடி, கீழே நாய் தலையால் தள்ளினால் திறக்கிற மடல். பெரிய கதவை இழுத்து அதனோடு சேர்த்துப் பூட்டிவிடலாம். ஒரு கீறல் இல்லாமல் கழற்றலாம்.

அவருக்கு இரண்டாவதுதான் பிடித்தது. நான் லோன்றிக் கதவுக்கு வாதாடினேன். கள்ளன் வந்தால் வரட்டும், எங்களிடம் என்ன கிடக்கிறது என்றேன். உண்மையில் நான் நினைத்தது வேறு. வெயில் எறிக்கிற நாட்களில் அந்தக் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் அவர் பிடித்து நடக்கிற தன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்க் காற்றாட இருப்பார். அந்தச் சட்டத்தை வைத்தால் கதவு முழுதாகத் திறக்காது. நான் அளவு நாடாவைக் கொண்டுவந்து வாக்கரையும் அளந்தேன், மிஞ்சும் இடைவெளியையும் அளந்தேன். வாக்கர் போகாது. வென்றுவிட்டேன் என்ற நினைப்பில் நாடாவை அவர் முன்னால் பிடித்துக் காட்டினேன்.

அவர் நாடாவைப் பார்க்கவே இல்லை.

"அது போகாதெண்டு எனக்குத் தெரியும். நான் இனி வெளியில போய் இருக்கிற ஆளில்லை. நீர் கதவைப் பூட்டிப்போட்டு நிம்மதியா வேலைக்குப் போகவேணும், அதைப் பாரும்."

நான் குசினிக்குள் போய், கழுவிய பாத்திரங்களையே திரும்பவும் கழுவினேன். அழுகிற சத்தம் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது.

பெட்டி வந்தது. பக்கத்து வளவில் இருந்த வெள்ளைக்காரர் வந்து சட்டத்தை நிமிர்த்தி, மேலே இருந்த ஸ்பிரிங்கை அமத்திப் பொருத்திவிட்டுப் போனார். அந்த வாரம் வீட்டுக்கு வந்து பார்க்கிற நேர்ஸ், வலி கூடிக்கொண்டு போகிறது, ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் ஒழுங்கு செய்யட்டுமா என்று மறுபடி கேட்டார். நான் குறுக்கே விழுந்து, வேலையை விட்டுவிட்டு நானே வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். கடைசிவரைக்கும் அவர் என் வீட்டில், என் கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டும். அதைவிட எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அவர் நேர்ஸை அனுப்பிவைத்தார். பிறகு என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"வேலையை விடாதேயும். பிறகு உமக்கு அது வேணும். நாய் இந்தக் கதவைப் பழகட்டும். பழகினதும் நான் ஆஸ்பத்திரிக்குப் போறன்."

"போறன் எண்டு சொல்லாதேங்கோ," என்று மட்டும் சொன்னேன். அந்த நிமிஷத்திலிருந்து, அந்த நாய் ஒருநாளும் அந்தக் கதவைப் பழகக்கூடாது என்று நான் எல்லாத் தெய்வங்களையும் கும்பிடத் தொடங்கினேன்.

வெளியே போக அது ஒரே நாளில் பழகிவிட்டது. மடலுக்கு அந்தப் பக்கம் பொரித்த நெத்தலி வைத்தால் எந்த நாய்தான் போகாது? ஆனால் உள்ளே வரவில்லை. மடலுக்கு முன்னால் வந்து நின்று, முன்னங்காலைத் தூக்கி நீட்டியது. துடைக்க ஆள் வரும் என்று நின்றது. நெத்தலியை உள்ளே வைத்தாலும் நின்றது. தூக்கிய கால் களைத்ததும் மாற்றி மற்றக் காலைத் தூக்கியது. கால் துடைக்கவேண்டும் என்று நான் போட்ட நிபந்தனை இப்போது எனக்காக நின்று வாதாடுகிற மாதிரி இருந்தது.

அவர் விடவில்லை. நாய்க்கு எப்படி உள்ளே வருவதென்று செய்து காட்டச் சொன்னார், அவரால் குனிய முடியாதாம். நான் வெளியே போய், ஈர நிலத்தில் முழங்கால் ஊன்றி, மடலைத் தலையால் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தேன். தோளுக்கு மேல் போகவில்லை. நாய் பக்கத்தில் நின்று என்னை இரக்கமாகப் பார்த்தது. உள்ளே கதிரையில் இருந்தவர், நாய் வேஷம் போட்டால் குரைக்கத்தான் வேண்டும் என்றார். நான் குரைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்த வலியில் கண்ணீர் வந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு அவர் கண்டிப்பானார். நாய் வந்து நின்றால் நான் கதவுப் பக்கம் போகக்கூடாது. அது முனகும். கண்ணாடியில் மூக்கை வைத்து அவரையே பார்க்கும். அவர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பார். பஸ்ஸில் அத்தனை பிள்ளைகளை ஏற்றி இறக்கியும் ஒருவரையும் அதட்டிப் பேசாத மனிதர். ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல் எழும்பியபோது, "திறவாதேயும். இண்டைக்கு நீர் திறந்தா நாளைக்கு ஆர் திறக்கிறது?" என்றார். குரல் கல்லு மாதிரி இருந்தது. முகத்தைப் பார்த்தேன், நனைந்திருந்தது.

அவர் கண்ணயர்ந்த நேரங்களில் நான் மெதுவாகப் போய், மடலைத் தூக்கி, கையை வெளியே விட்டு நாயின் கால்களைத் துடைத்தேன். நாலையும் துடைத்ததும் அது சந்தோஷமாக உள்ளே வந்தது. துடைக்க ஆள் இருக்கிறது என்று அது நம்பும்வரைக்கும் அவர் என்னோடு இருப்பார். இதைக் கேட்டுவிட்டு, அவருடைய வலியை நினைக்கவில்லையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் துடைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. நான் குசினியில் சொதிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஹோலில், நாய் வெளியே வழக்கம்போல ஒரு காலைத் தூக்கியபடி. திடீரென்று அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவரை அவர் வலியைப் பல்லைக் கடித்து விழுங்கிக்கொண்டிருந்தவர். அன்று முடியவில்லை. நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவர முன்னம், மடல் படாரென்று அடித்தது. நாய் நாலு காலிலும் களிமண்ணோடு கார்ப்பெட்டுக்கு மேலால் ஓடிவந்து, அவருடைய மடியில் முன்னங்கால்களைப் போட்டு, அவர் முகத்தை நக்கியது.

மருந்து கொடுத்தேன். வலி கொஞ்சம் இறங்கக் கால்மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. நாய் அவருடைய காலடியில் சுருண்டு கிடந்தது. கதவிலிருந்து கதிரைவரை அதன் மண் காலடிகள். நான் துவாயை எடுத்துக்கொண்டு குனிந்தேன். நாயின் காலைத் துடைக்கவா, கார்ப்பெட்டைத் துடைக்கவா என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ ஒன்றைத் துடைத்துவிட்டால் இது நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

"துடையாதேயும்," என்றார். அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வந்திட்டுது, பாத்தீரே. இனிப் பயமில்லை. நாளைக்கு நேர்சுக்குப் போன் எடுத்துச் சொல்லும்."

இது ஒருதரம்தானே, திரும்ப வருமோ தெரியாதே என்று நான் கெஞ்சினேன். சரி, இன்னொருதரம் பார்ப்போம் என்று அவர் தலையை ஆட்டினார். ஆனால் நாய் என்னைக் கைவிட்டுவிட்டது. அன்று பின்னேரமே அது இன்னொருமுறை வெளியே போய், துடைக்காத காலோடு தானே உள்ளே வந்தது. நான் அதைத் திட்டினேன். அது வாலை ஆட்டியது.

அவரைச் சேர்த்த வார்டில் எல்லோரும் நல்லவர்கள். நாய் இருப்பது தெரிந்ததும், தாராளமாகக் கூட்டி வரலாம், பலர் கொண்டுவருகிறார்கள் என்று ஒரு நேர்ஸ் சொன்னார். எனக்குப் பெரிய சந்தோஷம். அவர் மறுத்துவிட்டார்.

"வேண்டாம். இஞ்ச வந்து என்னைக் கண்டா, பிறகு திரும்பக் கதவடியில நிண்டு காவல் இருக்கும். பழகினது பழகினதா இருக்கட்டும்."

அவ்வளவு ஆசை வைத்த நாயை அவர் பிறகு காணவே இல்லை. நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போய், நாய்க்குச் சாப்பாடு வைத்துவிட்டு வார்டுக்குப் போவேன். கண்ணைத் திறந்ததும் ஒன்றைத்தான் கேட்பார். "உள்ளுக்கு வருதோ?"

"ஓம். தன்ர பாட்டில போகுது, தன்ர பாட்டில வருது," என்பேன். அவருடைய முகம் தெளியும். பிறகு நித்திரையாகிவிடுவார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஒவ்வொரு நாளும் நான் வீட்டுக்கு வரும்போது கார்ப்பெட் முழுக்க மண் அடிகள். கதவிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்துக்கு, அங்கிருந்து திரும்பக் கதவுக்கு. அது பகல் முழுக்க வளவிலும் வீட்டிலும் மாறி மாறி அவரைத் தேடியிருக்கிறது. அந்த மடல் இல்லாமல் கதவு பூட்டிக் கிடந்திருந்தால், அலையாமல் ஒரு இடத்திலாவது படுத்திருக்கும். அதை மட்டும் நான் அவருக்குக் கடைசிவரை சொல்லவில்லை.