பாம்புக்கோ காம்புக்கோ?

“…காசு குடுத்து ஆராவது காம்புக்குப் போவினமோ எண்டு அண்ணை கத்தினவர்,” என்று சிரிக்கிறார் ராஜி. பாரிஸ் லா ஷப்பலில், காலை வேளையில், அவருடைய அண்ணனின் மளிகைக் கடை. முருங்கைக்காய் வாங்க வந்த என்னை இந்தச் சிரிப்புதான் நிறுத்திவைத்திருக்கிறது.

ராஜி ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் வழிகாட்டியோடு பல நாள் ‘காம்ப்’ அடித்துக் கூடாரத்தில் தங்கிவிட்டு நேற்றுத்தான் திரும்பியிருக்கிறார். காலில் போட்டிருக்கும் சப்பாத்தில் இன்னும் செம்மண். இலங்கையின் வன்னியிலிருந்து வந்த இந்த அண்ணன் தங்கைக்குக் காம்ப் என்றால், போர் முடிந்தபோது அடைபட்டுக் கிடந்த முள்வேலி முகாம்தான்.

“முதல் நாள் விடியவே எழும்பி வெளியிலை நடந்தன், தம்பி. துவக்கோடை ஆமி இல்லை, பூட்டின கேற் இல்லை. வழிகாட்டிப் பொம்பிளை, ‘தண்ணியைக் கொண்டு போங்கோ’ எண்டு மட்டும் சொன்னா. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.”

“பாம்பு கடிக்கேக்கை தெரியும்,” என்கிறார் தராசடியில் நிற்கும் அண்ணன்.

“உங்களுக்குப் பாம்புக்கோ பயம், காம்புக்கோ?” என்கிறார் ராஜி.

முருங்கைக்காயைத் தராசில் வைத்த கை அப்படியே நிற்கிறது. “ரெண்டுக்குந்தான்,” என்கிறார் மெதுவாக.

ராஜி கைபேசியை எடுத்து அந்த வழிகாட்டியை அழைக்கிறார். அடுத்த பயணத்துக்கு இரண்டு பேர் என்று சொல்லிவிட்டு, அண்ணனின் நீளமான பெயரை ஒவ்வோர் எழுத்தாக, கடை முழுக்கக் கேட்கும்படி, சொல்லத் தொடங்குகிறார்.