பல் டாக்டர் கூரை தேடுகிறார்

ஈஸிசேரில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே ஒரு பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகட்டைப் பிடித்தபடி பல் டாக்டர் வானம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார், பிறகு மறு கண்ணை. ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் எங்கள் மதில் மேலாக இந்தக் காட்சி இலவசம். "வானம் பால் மாதிரி தெரியுதே!" என்று மதிலைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொள்வார். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை கட்டுகிறார். உள்ளே செடிகளும் இரண்டு நாற்காலிகளும் போடப்போகிறாராம். மூன்று பக்கச் சுவரும் எழும்பிவிட்டது. கூரைக்கு எதைப் போடுவது என்பதில்தான் மனிதர் மாட்டிக்கொண்டு விழிக்கிறார். ஊரார் பல்லையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் "எடுத்துடலாம்" என்று சொல்லிவிடுகிறவர் இவர். என் கடைவாய்ப் பல்லுக்கு வாயைச் சரியாகத் திறக்கக்கூட அவகாசம் தரவில்லை.

கடைகளில் கேட்டு வாங்கிவந்த மாதிரிகள் தோட்டத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. தடித்த கண்ணாடி ஒன்று. உள்ளே குழல் குழலாக ஓடும் பாலிகார்பனேட் ஒன்று. கண்ணாடி போலவே தெளிவாக, மெல்லிசாக ஒற்றைத் தகடு இன்னொன்று. பழக்கதோஷம், ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். ஒருநாள் தகட்டின் ஓரத்தைத் தட்டி, "இங்க வலிக்குதா?" என்று அவர் விசாரித்ததை நானே கேட்டேன்.

கூரை போடுகிறவர் வந்து தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். "சார், கண்ணாடியே போடுங்க. எவ்ளோ மழை அடிச்சாலும் உள்ள பொட்டுச் சத்தம் வராது."

"சத்தம் வர்றது எது?"

"அந்த மெல்லிசுத் தகடு. அது மட்டும் வேணாம் சார். மழை வந்தா பக்கத்துல பேசறதே கேக்காது."

"அப்படியா? நெஜமாவே கேக்காதா?" டாக்டரின் முகம் மலர்ந்தது. கூரைக்காரர் என்னைப் பார்த்து முழித்தார். நானும் பதிலுக்கு முழித்தேன்.

அவர் போன பிறகு டாக்டர் மதிலருகே வந்து விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவிக்குக் கொஞ்ச காலமாகக் காது மந்தம். மெஷினை மாட்டினால் கரண்டி விழுவதுகூட மண்டையில் இடிக்கிறதாம்; கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார். குரலுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "ஏங்க, எதையாவது போட்டுத் தொலைங்க! இல்லாட்டி நான் குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கறேன்!" என்பது தெருக்கோடி வரை கேட்கும். போன மாதம் அவர் சமையலறையில் இருக்கும்போதே மழை கொட்டி, கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது. எதற்கும் சிரிக்கிற அந்த அம்மா அன்று சிரிக்கவில்லை. "மழை வந்ததுகூட எனக்குத் தெரியலைங்க" என்றாராம், மெதுவாக. இத்தனை வருஷத்தில் அவர் மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தானாம். அதைத்தான் டாக்டரால் தாங்க முடியவில்லை.

எனக்கும் என்னவோபோல் ஆகிவிட்டது. இருந்தாலும் கேட்டேன்: "மெல்லிசுத் தகடு வெயிலுக்குச் சுடுமே, டாக்டர்?"

"வெயிலுக்குத் திரை போட்டுக்கலாங்க. அவ காதுக்கு என்னத்தப் போடறது? இந்தத் தகட்டுச் சத்தமும் கேக்கலைன்னா..." என்று இழுத்தவர், முடிக்காமல் தகட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்தார். இரண்டு ஏணிகளுக்கு நடுவே மாதிரியைக் கிடத்தி, கீழே ஈஸிசேர். அதில் மெஷின் இல்லாமல் அந்த அம்மா. கண்ணை மூடிக்கொள்ளச் சைகை காட்டினார் டாக்டர். ஸ்டூல் மேல் ஹோஸ் பைப்போடு நான். மழை என் பொறுப்பு.

முதலில் கண்ணாடி. "ம், ஆரம்பிங்க!" என்றார் அம்மா. நாங்கள் ஆரம்பித்து முடித்தே விட்டிருந்தோம்.

அடுத்து குழல் தகடு. "தெருவுல ஏதோ வண்டி போகுதா?" என்று கேட்டார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அழுக்கே இல்லாததை.

மெல்லிசுத் தகடு காற்றில் நழுவியது. டாக்டர் அதை ஏணியோடு சேர்த்துக் கட்டப் போனார். ஒரே முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டார். அதற்குள் கீழே அம்மா வெயில் சுகத்தில் நன்றாகக் கண்ணயர்ந்துவிட்டார். எழுப்பலாமா என்று நான் சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டி, விரலை உயர்த்தினார். நான் குழாயைத் திருகினேன்.

தடதடவென்று தகடு அதிர்ந்தது.

"ஐயையோ, துணி!"

சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்க, கொடியில் கிடந்ததையெல்லாம் இரண்டு கையாலும் வாரிச் சுருட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குள் ஓடினார்.