போதும் என்று சொல்லாத உடம்பு

இங்கே பிரான்சில், ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்தால் முன்பின் தெரியாதவர்கூட “போன் அப்பெத்தீ” என்று சொல்லிவிட்டுப் போவார். நன்றாகப் பசித்துச் சாப்பிடு என்கிற வாழ்த்து. வந்த புதிதில், நான் வேலை செய்யும் சலவை ஆலையில் ஒரு பெண் அப்படிச் சொன்னபோது, சோறு கேட்கிறாள் என்று நினைத்து டப்பாவை நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். இப்போது அந்த வாழ்த்து காதில் விழுந்தால் தங்கை அமுதாவின் நினைவுதான் வருகிறது.

அமுதா கிருமாம்பாக்கத்தில் அம்மாவோடு இருக்கிறாள். முப்பது வயதில் அவளுக்கு மூளையின் அடியில் கட்டி. ஆபரேஷனில் உயிரும் பார்வையும் பிழைத்தன. ஆனால் ஓராண்டுக்குள் உடம்பு இரண்டு மடங்கானது. வீட்டில் எதை வைத்தாலும் தீர்த்துவிடுகிறாள் என்று அம்மா போனில் அழுதாள். வாயைக் கட்டச் சொல்லி இங்கிருந்தபடியே அமுதாவைத் திட்டினேன்.

விடுமுறையில் போயிருந்தபோது ஒரு மத்தியானம், மாட்டுக்கு வைத்த கழனித்தண்ணீர் வாளியில் சோற்றைத் துழாவி எடுத்து அவள் தின்பதைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டேன். “இன்னாடி, மாடாடி நீ?”

அவள் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டாள். “வவுறு ரொம்புனா தெரியணும்ல அண்ணா. எனக்குத் தெரியல.”

நான் நம்பவில்லை. அன்றே பூட்டு வாங்கி வந்து சமையலறைக் கதவில் மாட்டினேன்.

மறுவாரம் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அழைத்துப்போனேன். உடம்பில் சேரும் கொழுப்பு, போதும் என்று ஒரு ஹார்மோன் மூலமாக மூளைக்குச் சொல்லி அனுப்புமாம். அதைக் கேட்டுக்கொள்ளும் இடம் அமுதாவுக்குக் கட்டியோடு சிதைந்துபோயிருந்தது. அவள் பட்டினி கிடப்பதாகவே மூளை நம்புகிறது. அதனால் சக்தியைச் செலவழிப்பதையும் குறைத்துவிடுகிறது. கொஞ்சமாகத் தின்றாலும் எடை ஏறும். முழுசாகச் சரியாக்கும் மருந்து இல்லை என்றார். பூட்டைப் பற்றித் தயங்கிக் கேட்டேன். பூட்டு இருக்கட்டும், திட்டுவதை விட்டுவிடுங்கள் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள்தான் பேசினாள். “நீ சாப்ட்டு எழுந்திரிக்கிறப்ப சொல்லுண்ணா. நானும் எழுந்துக்கறேன்.”

அப்படித்தான் இப்போது நடக்கிறது. அம்மா அவளுக்கு மதியச் சோற்றை அளந்து வைக்கும்போது இங்கே காலை ஒன்பது மணி. ஆலையின் உடைமாற்றும் அறையில் போனைச் சாய்த்துவைத்து அவளோடு சாப்பிடுகிறேன். நான் கைகழுவ எழுந்தால் அவளும் எழுகிறாள். சில நாள் எழுவதில்லை. சமையலறைக் கதவை அவள் அறைகிற சத்தம் கேட்கும். அம்மா போனை அணைத்துவிடுவாள். அவளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது.

பன்னிரண்டு மணிக்கு ஆலையில் எல்லோரும் சாப்பிடக் கிளம்பும்போது என்னையும் கூப்பிடுவார்கள். போய் உட்காருவேன். இத்தனை வருஷம் இந்த நாட்டுத் தண்ணீரைக் குடித்த வயிறு பசிக்காமல் கிடக்கும். கிருமாம்பாக்கத்தில் மதியமானபோதே அது பசித்து அடங்கியிருக்கும்.