பின்னால் போகத் தெரியாத நூறு குதிரை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பகலெல்லாம் கனத்தைத் திட்டியே பிழைப்பு நடத்துகிறவர். இந்த ஃபிரேம் கனம், மூக்கில் தழும்பு விழும், அதோ அதைப் போட்டுப் பாருங்கள், போட்டிருப்பதே தெரியாது என்பார். அப்படிப்பட்ட மனிதர், தலை பாதி நரைத்த பிறகு, முந்நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் ஒரு டூரிங் பைக்கை வாங்கி வாசலில் நிறுத்தினார். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இன்ஜின் நூறு குதிரைத்திறன். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் கடைசி வரியைப் படிக்கத் திணறும்போது, அதைப் பற்றி அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பார். பாவம், மெஷினில் தாடையை வைத்துவிட்டு எங்கே ஓடுவது? கேட்டுத்தான் தீரவேண்டும்.

மனைவி பிசியோதெரபிஸ்ட். ஊரார் முதுகையும் முட்டியையும் நிமிர்த்துவது அவள் தொழில். புருஷனின் இடது முட்டி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ராத்திரி சாப்பாட்டின்போது, தன் தம்பியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஓட்டுங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா இந்த வண்டிய நகத்துறதுக்கு என்னைக்கு இன்னொரு ஆள் கை வேணுமோ, அன்னைக்கே வித்துடணும்."

வாயில் இருந்த கவளத்தை விழுங்குவதற்குள் அவர் தலையாட்டிவிட்டார்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். எத்தனை பேர் ஏறினால் மோட்டார் முனகும் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்த புத்தி. அவனுடைய பைக்குக்கு மாமாவின் பைக்கில் பாதி எடைகூட இல்லை. இன்ஜினும் அதற்கேற்ற சின்னது. "உங்க குதிரைல பாதி அந்த வண்டியத் தூக்கவே சரியாப்போச்சு மாமா" என்பான். நெடுஞ்சாலையில் லாரி கடக்கும்போது அடிக்கிற காற்றில் உன் வண்டி ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தாயா, கனம் இருந்தால்தான் தரையில் கால் பாவும் என்பார் இவர். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதனால்தான் அந்தச் சண்டை ஓயவே இல்லை.

ஓடும்போது வண்டி வெண்ணெய். நின்றுவிட்டால்தான் ஏழரை. அதற்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. நூறு குதிரைக்கும் முன்னால் போகத்தான் தெரியும். பின்னால் தள்ளுவதற்கு இருப்பது ஒரு கிழட்டு முட்டியும் இன்னொரு சுமாரான முட்டியும்தான். ஆகவே எங்கே போனாலும் அவர் முதலில் தரையைப் பார்ப்பார். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்த பிறகே நிறுத்துவார். மேட்டைப் பார்த்து நிறுத்தினால் தானே பின்னால் உருளும். சரிவில் சுவரைப் பார்த்து நிறுத்தினாலோ, கதை முடிந்தது.

இது போதாதென்று, வண்டியின் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி மாட்டினார். பெட்டி வந்தால் அதை நிரப்பாமல் இருக்க முடியுமா?

ஒரு வருஷம் கெஞ்சியதில் மனைவி ஒருநாள் பின்சீட்டில் ஏறினாள். மலைப்பாதை. தம்பி முதல் வளைவிலேயே கொசு மாதிரி பறந்து மறைந்துவிட்டான். இவர் அதைப் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு."

அந்த ஒரு வார்த்தையில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் இறங்காமலே பள்ளத்தாக்கைப் பார்க்கட்டும் என்று, சாலையோரம் சரளைக்கல் சரிவில் இறக்கி, கைப்பிடிச் சுவர்வரை கொண்டுபோய், முன்சக்கரம் சுவரில் முட்ட நிறுத்தி, இன்ஜினையும் அணைத்தார். அப்புறம்தான் தரையைப் பார்த்தார்.

பள்ளத்தாக்கு அழகு என்றார். மறுபடியும் அழகு என்றார். அந்த மரத்துப் பக்கம் போய்ப் பார், இன்னும் அழகு என்று அவளை அனுப்பிவிட்டு, மூச்சைப் பிடித்துத் தள்ளினார். ஒரு சாண் வந்தது. சரளையில் கால் வழுக்க, அந்த ஒரு சாணும் போய் மறுபடி சுவரில் முட்டிக்கொண்டது. மேலே வளைவில் சின்ன இன்ஜின் சத்தம் கேட்டது. தேடிக்கொண்டு வருகிறான். அவன் வந்து கை கொடுத்தால் வண்டி வெளியே வரும், வீட்டைவிட்டும் போய்விடும்.

அவள் திரும்பி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஸ்பேனர் மூட்டை, காற்றடிக்கும் பம்பு, அடுப்பு, மடக்கு நாற்காலி, கடைசியாக நிரம்பி வழியும் ஒரு தண்ணீர் கேன். வழி நெடுகக் கடை இருந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதுக வளைக்காதீங்க. முட்டிய மடக்குங்க. நான் சொல்றப்ப மூச்ச விட்டுத் தள்ளுங்க" என்று நோயாளியிடம் பேசுகிற குரலில் சொல்லிவிட்டு, முன்சக்கரத்துப் பக்கம் போய்த் தோளைக் கொடுத்தாள். வண்டி முனகிக்கொண்டே மேலேறிச் சமதரைக்கு வந்தது.

அவர் சாவியை நீட்டினார். "சொன்ன சொல் சொல்லுதான். இன்னொரு ஆள் கை பட்டுடுச்சு. வித்துடலாம்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். "எங்கயாவது தனியா இதுக்கு அடியில மாட்டிக்கிட்டுக் கிடப்பீங்களோன்னு பயம். அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். மத்தபடி இந்த இரும்பு மேல எனக்கென்ன கோவம்?"

அதற்குள் தம்பி வந்து நின்றான். சரளையில் விழுந்திருந்த தடத்தைப் பார்த்தான், இரண்டு பேரின் கையிலும் இருந்த அழுக்கைப் பார்த்தான், இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டான்.

அக்கா சாவகாசமாக மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். "மலையப் பாத்துட்டு இருந்தோம். அதுக்குத்தானே மாமா நாற்காலி கொண்டுவந்திருக்கார்."

"சாவி ஏன் உன் கைல இருக்கு?"

"இனிமே எங்க நிறுத்தணும்னு நான்தான் சொல்லப்போறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள்மீது இவ்வளவு ஆசை அவருக்கு வந்ததில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். தண்ணீர் கேனை மட்டும் மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய், கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டு வந்தார்.