மாற்றிப் போட்ட மூட்டை

எங்கள் சபையார் மலையேறிப் பழகியவர்கள் அல்ல. பசுமலையில் குடியிருந்தோம் என்பதைத் தவிர மலைக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திருப்பரங்குன்றம் ரோட்டில் பஸ் வராவிட்டால் ஷேர் ஆட்டோவுக்காக அரைமணி நேரம் நிற்போமே தவிர, நடக்க மாட்டோம். அப்படிப்பட்டவர்கள் ஒரு டிசம்பர் மாதச் சனிக்கிழமை, சாப்டூர்ப் பக்கத்து மலைமேல் இருக்கும் ஒரு குடியிருப்புக்கு ஊழியம் செய்யக் கிளம்பினார்கள். பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, துணிமணி கொடுத்துவிட்டு வருவது திட்டம்.

எனக்கு அப்போது பத்து வயது. என்னை யாரும் கூப்பிடவில்லை. அப்பா போனார், வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் நானும் போனேன். மற்ற பிள்ளைகளெல்லாம் அன்றைக்கு வீட்டில் அம்மாக்களோடு உட்கார்ந்து கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு டவுனில் ஒரு பெயின்ட் கடையில் வேலை. ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டில் சாவியை வாங்கிக் கதவைத் திறப்பேன். திறந்ததும் முதல் வேலை பீரோவைத் திறப்பது. இரண்டாவது தட்டில் அம்மாவின் சேலைகள் இருந்தன. அதில் ஒரு பச்சைச் சுங்குடி. கடுகு நிறக் கரை, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, முந்தியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஒரு பழுப்புக் கறை. ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அம்மா ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே தேய்த்ததில் வந்த கறை அது. பேச்சு என்றால் அம்மாவுக்குச் சேலையும் ஒன்றுதான், சோறும் ஒன்றுதான், எல்லாம் கருகும். அந்தச் சேலையை எடுத்து மடியில் வைத்து முகத்தை அதில் புதைத்துக்கொள்வேன். அந்துருண்டை வாசத்துக்கு அடியில் அம்மா இருந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, மடித்து எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

மறுநாள் திறந்தால் மடிப்பு வேறு மாதிரி இருக்கும். கரை உள்பக்கம் போயிருக்கும், இல்லையென்றால் சேலை வேறு சேலைக்கு மேலே இருக்கும். எனக்குத்தான் மடிக்கத் தெரியவில்லை, அப்பா கண்டுபிடித்தால் திட்டுவார் என்று பயந்துகொண்டு இன்னும் ஒழுங்காக மடித்து வைப்பேன். அப்பா எதையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. வந்ததும் "சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேன்" என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் குக்கர் சத்தம்தான் பெரிய சத்தம்.

பயணத்துக்கு முந்தின வாரம் திருமங்கலத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள் என்பதால் அவள் எங்கள் வீட்டில் எதையும் பேசலாம். "போனவ துணிய இன்னும் எம்புட்டு நாளைக்குடா பூட்டி வச்சிருப்ப? பொம்பளப் பிள்ளை வளர்ற வீடு. எடுத்து யாருக்காச்சும் குடு" என்று சோறு போடும்போது சொன்னாள். அப்பா ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். பதில் சொல்லாததை மறுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தச் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே வேன் கிளம்பிவிட்டது. டி. கல்லுப்பட்டியில் டீ குடித்தோம். வேனில் கிதார் ஒன்று, கஞ்சிரா ஒன்று, பேட்டரி போட்ட மைக் செட் ஒன்று, தயிர்சாதப் பொட்டலங்கள், ஆளுக்கொரு துணி மூட்டை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் கைதட்டிப் பாடினார்கள். பாட்டுக்கு இடையில் யாராவது ஒரு அத்தை என் தலையைத் தடவி, "பாவம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பாடப் போய்விடுவாள். அந்த வருஷத்தில் எனக்கு மிகவும் பிடிக்காத வார்த்தை அது.

எங்கள் பாஸ்டருக்கு ஒரு கொள்கை இருந்தது. கொடுக்கிறவன் யாரென்று வாங்குகிறவனுக்குத் தெரியக் கூடாது. எது யாருக்குப் போனது என்று கொடுத்தவனுக்கும் தெரியக் கூடாது. "குடுத்ததக் குடுத்தவனே மறந்துரணும்யா" என்பார். அதனால் சபையில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. போகிற இடத்துக்கு வெளியே எல்லா மூட்டைகளையும் இறக்கி, கலந்து, அவரவர் கொண்டு வராத மூட்டையை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தின் கீழே இந்தக் காரியம் நடந்தது. அப்பாவுக்கு யாருடையதோ ஒரு கோணிச் சாக்கு வந்தது. என் தோளில் பாஸ்டரம்மா ஒரு துணிக்கடைப் பையை மாட்டிவிட்டார். "இது லேசா இருக்கும்மா, நீ தூக்கிருவ" என்றார். அப்பா அந்தப் பையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நடக்க ஆரம்பித்தார்.

வழிகாட்ட மேலேயிருந்து ஒரு அக்கா இறங்கி வந்திருந்தாள். சாயம் போன ஊதா நைலக்ஸ் சேலையை முழங்காலுக்குக் கீழே தூக்கிக் கட்டியிருந்தாள். செருப்பு இல்லை. காட்டில் கடுக்காயும் தேனும் எடுத்து விற்கிறவர்கள் என்று வேனில் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்களின் வேகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். சிரிக்காமல் முன்னால் நடந்தாள்.

முதல் திருப்பத்திலேயே பாட்டு நின்றுபோனது. இரண்டாவதில் மைக் செட்டைத் தூக்கி வந்த அண்ணன் அதைப் பாறைமேல் வைத்துவிட்டு, மலைமேல் பேச மைக் எதற்கு என்று புதிதாக ஒரு சந்தேகம் கேட்டார். எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் யாரும் என்னைப் பாவம் என்று சொல்லவில்லை, அதுவரைக்கும் மலை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு நான் பின்தங்கினேன். முன்னால் போகிறவர்களின் பேச்சு சன்னமாகிக்கொண்டே போய், கடைசியில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கீழே சமவெளி முழுக்க வெயிலில் கிடந்தது. கண்மாய்த் தண்ணீர் அங்கங்கே மினுங்கியது. அதற்கு அந்தப் பக்கம் எங்கோ மதுரையும், பூட்டிய எங்கள் வீடும் இருந்தன. நான் இங்கே இப்படியே நின்றுவிட்டால் எப்போது தேடுவார்கள் என்று யோசித்தேன். லேசாக இருக்கும் என்ற பை தோளை அறுத்தது. ஆத்திரத்தில் அதைக் கீழே போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தேன்.

அந்த அக்கா திரும்பி வந்தாள். இடுப்பு முடிச்சிலிருந்து இரண்டு காட்டு நெல்லிக்காயை எடுத்து என் கையில் வைத்துவிட்டு எதிரில் குந்தினாள். "தின்னுட்டுத் தண்ணி குடி பாப்பா. இனிச்சுக் கெடக்கும்" என்றாள். இனித்தது. "ஒங்கம்மா வரலியா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் பாவம் என்று சொல்லவில்லை. "சரி, நட" என்று சொல்லிவிட்டு, மேலே போய்ச் சேரும்வரை என் நடைக்கே நடந்தாள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிற்பாடு நடந்தது புரிய இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேலே தகரமும் தழையும் போட்ட வீடுகள் கொஞ்சம் இருந்தன. ஏழைகளைப் பார்க்கப் போன எங்களுக்கு அவர்கள்தான் முதலில் பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து, வேகவைத்த வள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். எங்கள் தயிர்சாதம் வெயிலில் புளித்துவிட்டிருந்தது. கிழங்கைத் தின்று தெம்பானதும் பாட்டு, ஜெபம் எல்லாம் முறையாக நடந்தன. பிறகு மூட்டைகளைப் பிரித்தார்கள். யாரோ தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு ஒன்றைக் கொடுத்திருந்தார். சட்டை போடாத ஒரு தாத்தா அதை வெறும் உடம்பில் மாட்டிக்கொண்டு, அன்றைக்குக் கூட்டத்துக்கே தலைவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

என் பையைப் பாஸ்டரம்மா பிரித்தார். மேலாக இருந்தது பச்சைச் சுங்குடி.

புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அதே மாதிரி இன்னொரு சேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் உதறி விரித்ததும் முந்தியில் பழுப்புக் கறை தெரிந்தது. அந்துருண்டை வாசம் எனக்கு வந்து சேர்வதற்குள் அது வழிகாட்டிய அக்காவின் கைக்குப் போய்விட்டது. இவ்வளவு தூரம் அம்மாவை நான்தான் சுமந்து வந்திருக்கிறேன். அவள்மேல் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றிருக்கிறேன். அப்பாவிடம் ஓடிப்போய், "அப்பா, அது அம்மா சேலை" என்றேன்.

"தெரியும்டா" என்றார்.

"வேணும்."

"குடுத்தாச்சு. இங்க வச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கோட்டுப் போட்ட தாத்தாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரை அந்த நிமிஷம் நான் வெறுத்தேன். அதைச் சொல்வதில் எனக்கு இப்போதும் கூச்சமில்லை. அவ்வளவு கோபம்.

அதோடு முடியவில்லை. எங்களைக் கீழே கொண்டுபோய் விட வேண்டிய அந்த அக்கா, குடிசைக்குள் போய்ச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு வந்தாள். எங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமென்று கட்டியிருப்பாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் வெட்கப்பட்டு முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

இறங்கும்போது நான் ஒரு முடிவோடு இருந்தேன். அவள் பக்கத்தில் போய், இது எங்கம்மாவோடது என்று சொன்னால் போதும், கொடுத்துவிடுவாள். நெல்லிக்காய் கொடுத்தவள் சேலையைக் கொடுக்க மாட்டாளா? ஆனால் ஒற்றையடிப் பாதை. அவளுக்குப் பின்னால் அப்பா நடந்தார். ஏறும்போது எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று போன மனிதர், இறங்கும்போது அவளுக்குப் பின்னால் ஓரடி கூடக் குறையாமல், கூடாமல் நடந்தார். நான் இடது பக்கம் புகுந்தாலும் வலது பக்கம் புகுந்தாலும் அப்பாவின் முதுகு மறைத்தது. வேண்டுமென்றே மறிக்கிறார் என்று நினைத்தேன். திருப்பங்களில் மட்டும் பச்சை தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் அம்மா எங்கள் தெருவில் எனக்கு முன்னால் காய்கறிப் பையோடு போவது போலவே இருக்கும். உடனே அப்பா நடுவில் வந்துவிடுவார். அவர் கால் பாவும் இடத்தைப் பார்க்கவே இல்லை. அடிக்கடி கல்லில் இடறினார். "பாத்து, அண்ணே" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

புளியமரம் வந்ததும் அக்கா நின்றாள். "நான் திரும்புறேன் சார். பொழுது சாயுறதுக்குள்ள மேல போகணும்."

அப்பா திரும்பி வேனைப் பார்த்தார். பிறகு, "இன்னும் கொஞ்ச தூரம் வாங்கம்மா. பிள்ளைக்குப் பயமா இருக்கு" என்றார்.

எனக்கு எந்தப் பயமும் இல்லை. வேன் நிற்கிற மண்ரோடு அங்கிருந்தே தெரிந்தது. அக்கா என்னைப் பார்த்தாள், சரியென்று முன்னால் நடந்தாள். வரப்பு முடிகிற இடத்தில் மறுபடியும் நின்றாள். அப்பா மறுபடியும் அதையே சொன்னார். வேனில் ஏறியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்குப் பயமில்லப்பா" என்று நான் சத்தமாகவே சொன்னேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வலித்தது. அக்கா இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேன் வரைக்கும் வந்தாள். வந்து, செருகியிருந்த முந்தியை உருவி என் முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துவிட்டாள். அதில் விறகுப் புகை வாசம்தான் இருந்தது. கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததை நான் கேட்கவில்லை.

அவள் திரும்பிப் போனாள். வரப்பில் போனாள், புளியமரத்தைத் தாண்டினாள், புதருக்குள் பச்சை கொஞ்சம் தெரிந்து, மறைந்து, மறுபடியும் தெரிந்தது. அப்பா வேனில் ஏறாமல் நின்றார். ஹாரன் அடிக்கப்போன டிரைவரிடம் பாஸ்டர், "இருப்பா, ஜெபம் பண்றார்" என்றார். கண்ணைத் திறந்துகொண்டு யார் ஜெபம் பண்ணுவார்கள்? ஒன்றும் தெரியாமல்போன பின்னாலும் அப்பா வெகுநேரம் நின்றிருந்தார்.

வரும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. கல்லுப்பட்டியில் பன் வாங்கிக் கொடுத்தார், தின்னவில்லை. என் பெயரைச் சொல்லி எல்லோர் முன்னாலும் பொய் சொன்னதுதான், சேலையைக் கொடுத்ததைவிட எனக்குப் பெரிய கோபமாக இருந்தது. பயமே இல்லாதவளைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டாரே. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பீரோவைத் திறந்தேன். இரண்டாவது தட்டு காலியாக இருந்தது. மறுநாளும் திறந்தேன். கலைய ஒன்றும் இல்லாததால் அந்தத் தட்டு நான் விட்டபடியே இருந்தது.

ராத்திரி அப்பா வந்து, "சாப்ட்டியா?" என்றார். நான் "சாப்ட்டேன்" என்றேன். அந்தச் சேலையை ராத்திரியில் மடித்து வைத்தது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அடிவாரத்தில் எல்லோரும் மூட்டையை மாற்றிக்கொண்டது போல, அதே புளியமரத்தடியில் அப்பா தன் பயத்தையும் என் தோளில் மாற்றிப் போட்டிருக்கிறார் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை. பன்னைத் தின்றிருக்கலாம்.